சுவரைக் காக்கத் திறந்த பள்ளி

1907. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு. பெற்றோர் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடியாடினார்கள். புதுப்பித்த சுவர்களில் கிறுக்கினார்கள். கட்டட உரிமையாளர்களுக்குச் சுவரைப் பற்றித்தான் கவலை. ஏறத்தாழ 50 குழந்தைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மருத்துவர் மரியா மாண்டிசோரியிடம் கொடுத்தார்கள். ஜனவரி 6 அன்று ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தது.

கேட்கப்பட்டது காவல் மட்டுமே. மாண்டிசோரியின் கண் குழந்தைகளின் கைகள்மேல் இருந்தது.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் சிறிதும் பெரிதுமான உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்துவாள், கலைப்பாள், மறுபடி பொருத்துவாள். சுற்றிலும் மற்ற பிள்ளைகள் பாடினார்கள், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தபோதும் உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். மாண்டிசோரி எண்ணிய கணக்கு 42 முறை. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய நான்கு வயதுப் பிள்ளைகள், சில மாதங்களில் தாமாகவே எழுதத் தொடங்கினார்கள்.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டவர் என்று மகன் மரியோவை ஆங்கிலேய அரசு முகாமில் அடைத்தது. சில மாதங்களில், மாண்டிசோரியின் 70ஆவது பிறந்தநாளை ஒட்டி விடுவித்தது. பிறகு கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், மாண்டிசோரியின் கவனம் மூன்று வயதுக்கும் கீழே, கைக்குழந்தையின் அறிவு வளர்ச்சிவரை போனது. அந்தச் சிந்தனையைச் சொல்லும் ‘தி அப்சார்பண்ட் மைண்ட்’ நூல் 1949இல் அடையாறிலிருந்தே வெளிவந்தது.

அவர் கண்ணால் கண்டதைப் பின்னாளில் அளந்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாண்டிசோரி அரசுப் பள்ளியில் இடம் குலுக்கலில்தான் கிடைத்தது. இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். 12 வயதில் அந்தப் பாடங்களில் இடைவெளி தெரியவில்லை. ஆனால் மாண்டிசோரிப் பிள்ளைகள் எழுதிய கதைகளில் கற்பனை மேலோங்கியிருந்தது.

காப்பகம் தேடும் பெற்றோர் கட்டணத்தையும் நேரத்தையும் விசாரித்த கையோடு, அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும்: பிள்ளையின் கைக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது?