கொடிமுந்திரிச் சின்னமும் கம்பம் பள்ளத்தாக்கும்

முள் அமைந்த ஊசியால் ஆட்டுமயிரை ஓயாது குத்தி, இழையோடு இழை பிணையச் செய்து உருவம் சமைக்கும் கலை, கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மேனாடுகளிற் கைவினையாகப் பரவியது. ஆலைகளில் அம்முறை முன்பே வழங்கியதுண்டு. சிலுவை, ஆட்டுக்குட்டி, மீன், திராட்சைக்குலை முதலிய கிறித்தவச் சின்னங்கள் அதிற் படைக்கப்படுகின்றன. அவற்றுள் திராட்சைக்கொடி ஒன்றே ஈண்டு ஆராயப்படுவது.

கம்பளியும் அக்கொடியும் இணைந்தது இன்று நேற்றன்று. எகிப்து நாட்டுக் கிறித்தவர் கி.பி. 4-ஆம் நூற்றாண்டு முதலாகக் கம்பளி இழையால் நெய்த சித்திர ஆடைகளிற் கொடியும் குலையும் மிகப் பயின்றுள்ளன. கிரேக்கர்தம் மதுக்கடவுளுக்கு உரியதாயிருந்த கொடியே பின்னர்க் கிறித்தவர்க்கும் உரியதாயிற்று. யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம் இயேசுவைக் கொடியாகவும் அடியாரைக் கிளைகளாகவும் உரைப்பது இம்மாற்றத்திற்கு அடிப்படை.

தமிழ் மரபிலோ இவ்வுருவகம் எளிதிற் பொருந்துவதன்று. நம் இலக்கியத்திற் கொடி பற்றுக்கோடு வேண்டி நிற்பது. பாரி தேர் ஈந்தது முல்லை தளர்ந்தமை கண்டே. நீத்தல் விண்ணப்பத்தில் மாணிக்கவாசகர் கொழுகொம்பு பெறாது வாடும் கொடிக்குத் தம்மையே ஒப்பிடுகின்றார். அடியவன் கொடி, இறைவன் கொம்பு. அவ்விறைவனையே கொடியாகக் காட்டும் உருவம் தமிழர்க்கு முதற்கண் வெற்றணியாகத் தோன்றியிருப்பின் வியப்பில்லை. பெயரும் 'திராட்சை' என வடசொல்லாகவே பெரிதும் வழங்குகின்றது. கொடிமுந்திரி என்னும் நல்ல சொல் ஏறக்குறைய அகராதியளவில் நின்றுவிட்டது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. பன்னீர்த் திராட்சையைப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இற் புவிசார் குறியீடு பெற்றது. மேனாட்டுத் தோட்டங்களிற் கொடி பெரும்பாலும் ஆளுயரத்திற்கு மேற்படாத வரிசைகளாக நிற்க, இங்கே கல்தூண் நட்டுக் கம்பி பின்னிய பந்தலில் தலைக்குமேற் படர்கின்றது. உழவர் அதன் நிழலில் நின்று, மேலிருந்து தொங்கும் கருநீலக் குலைகளைக் கொய்கின்றனர். பற்றுக்கோடு நாடிய கொடியே பிறர்க்கு நிழலாகின்றது. யோவானின் உருவகமும் தமிழ் மரபும் இக்காட்சியில் ஒருங்கே அமையக் காணலாம். உரைகாரர் பல பக்கங்களில் விளக்க வேண்டுவதை ஒரு பந்தல் விளக்கிவிடுகின்றது. கம்பளியில் இச்சின்னத்தைப் படைப்போர் குலையை மட்டும் தனித்துக் காட்டின் இப்பொருள் தோன்றாது. தூணும் பந்தலும் உடன் வேண்டும், சிலுவையே அத்தூணாகலாம்.