மெர்காப்டோப்யூரின்: மருந்தளவும் மரபணு வேறுபாடும்

குழந்தைகளைத் தாக்கும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோயில், நோய் அடங்கிய பிறகும் ஆண்டுக்கணக்கில் தரப்படும் மாத்திரை மெர்காப்டோப்யூரின். ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் அளவு இன்னொரு குழந்தையின் வெள்ளணுக்களை அடியோடு சரித்துவிடுவதுண்டு. புற்றுநோய் மருந்துகளில் பரம்பரை வேறுபாட்டின் பங்குக்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுவது இம்மருந்தே.

இதை 1951இல் அமெரிக்காவில் உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். இருவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றனர். இதனுடன் சேர்த்துத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழு வழி வந்தது. நோபல் அவரை எட்டவில்லை, 1948இலேயே காலமானார்.

1980இல் ஆய்வாளர்கள் வைன்ஷில்பௌம், ஸ்லாடெக் இருவரும் 298 பேரின் சிவப்பணுக்களில் டிபிஎம்டி என்ற நொதியை அளந்தனர். இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி அது. பத்தில் ஒருவருக்கு அது நடுத்தரமாகவும், ஏறக்குறைய முந்நூற்றில் ஒருவருக்கு அறவே இல்லாமலும் இருந்தது. நொதி இல்லாதவருக்கு வழக்கமான அளவே நஞ்சாகும். மேலை நாடுகளில் டிபிஎம்டி சோதனை பரவியது.

ஆசியாவில் கணக்கு உதைத்தது. டிபிஎம்டி குறைபாடு இங்கே அரிது. கவுண்ட் (வெள்ளணு எண்ணிக்கை) இறங்கும் குழந்தைகளோ ஏராளம். 2014இல் கொரிய ஆய்வாளர்கள், இதே வகை மருந்து பெற்ற குடல் அழற்சி நோயாளிகளிடம், வேறொரு மரபணுவைக் கண்டனர்: என்யுடிடி15. அதன் புரதத்தின் 139ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன் அமர்ந்தால், மருந்தின் வீரியமுள்ள வடிவத்தை உடைக்கும் திறன் குன்றுகிறது. 2015இல் ஏ.எல்.எல். குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இன்னும் துலக்கமானது. இரு பெற்றோரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தைகளால் திட்டமிட்ட அளவில் 8.3 சதவீதத்தையே தாங்க முடிந்தது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் 63 சதவீதம் தாங்கினர். ஐரோப்பியரிடம் மிக அரிதான இம்மாற்றம் தெற்காசியரிடம் கணிசமாக உண்டு. ஐரோப்பியரை அளந்து வகுத்த சோதனை நம் குழந்தைகளுக்குத் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு குறித்த தென்னிந்தியப் பதிவுகள் சிதறலானவை. புதுச்சேரி ஜிப்மரில் சி. ஆதித்தன் குழு, நான்கு தென்மாநில மக்களிடம் மருந்துகளை மாற்றும் பிற நொதிகளின் மரபணு வகைகளை ஆராய்ந்தது. வேலூர் சி.எம்.சி. 2004இல், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் தரப்படும் பஸல்ஃபான் மருந்தால் நேரும் கல்லீரல் பாதிப்பை ஜிஎஸ்டிஎம்1 மரபணுவோடு இணைத்தது. எல்லா மக்களுக்கும் அது பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மெர்காப்டோப்யூரின் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் முன்கூட்டியே மரபணுச் சோதனை வேண்டுமா, கவுண்ட் பார்த்து அரை மாத்திரை, கால் மாத்திரை என்று குறைத்தால் போதுமா என்பதிலும் மருத்துவர்கள் ஒரே கருத்தில் இல்லை. கவுண்ட் பார்ப்பது அரியலூர், பெரம்பலூரிலும் எளிது; மரபணுச் சோதனைக்குப் பெரும்பாலும் பெருநகர ஆய்வகத்தையே நம்ப வேண்டும்.

இத்தகைய வேறுபாடுகளை நம் மக்களிடமே தேட உதவும் வகையில், சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதிகள் அடங்கிய ஜீனோம் இந்தியா தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.