முதுகெலும்பில் ஸ்க்ரூ வைக்கணும்னு சொல்லிட்டாங்களா? டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்!

புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் வாசலில் காலை நேரத்தில் நின்னு பாருங்க. எம்ஆர்ஐ கவரோடு பஸ்ஸில் இருந்து இறங்குறவங்க இருப்பாங்க; விழுப்புரம், கடலூர் பக்கத்தில் இருந்தும் வர்றாங்க. ‘கீழ் முதுகுல எலும்பு நகர்ந்திருக்கு, ஸ்க்ரூ வைக்கணும்’ என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘எந்த ஸ்க்ரூ நல்லது?’

ஸ்க்ரூ என்ன செய்யுது?

இரண்டு முள்ளெலும்புகளை ஒரே எலும்பாக ஒட்ட வைப்பதுதான் ஃபியூஷன். ஒட்ட வைப்பது ஸ்க்ரூ இல்லை, டாக்டர் அங்கே வைக்கும் எலும்புத் துண்டுகள். அவை வளர்ந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கான்கிரீட் இறுகும் வரை சென்ட்ரிங் தாங்குற மாதிரி, அதுவரை அசையாமல் பிடிப்பதுதான் ஸ்க்ரூவின் வேலை. சென்ட்ரிங்கைப் பிரிச்சிடுவாங்க, ஸ்க்ரூவைப் பெரும்பாலும் அப்படியே விட்டுடுவாங்க.

மூன்று வழிகள்

பழைய முறையில் உலோகமே கிடையாது, எலும்புத் துண்டு மட்டும்தான். இரண்டாவது, பெடிக்கிள் ஸ்க்ரூவும் ராடும். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962ல். அதற்கு அடுத்த வருடம் இந்த ஸ்க்ரூவைப் பயன்படுத்தத் தொடங்கியவர் ரேமண்ட் ரோய்-காமில் என்ற பிரெஞ்சு டாக்டர். மூன்றாவதில், ஸ்க்ரூவோடு சேர்த்து, ஜவ்வை எடுத்த இடத்தில் ‘கேஜ்’ என்ற சின்னக் கூண்டையும் வைப்பாங்க. நரம்பு வெளியே வரும் துவாரம் நசுங்கியிருந்தா, கேஜ் அதை உயர்த்திக் கொடுக்கும்.

எது பெஸ்ட்?

நாள்பட்ட முதுகுவலி உள்ள 222 பேரிடம் ஸ்வீடனில் மூன்று முறைகளை ஒப்பிட்டு, 2002ல் முடிவை வெளியிட்டாங்க. எலும்பு ஒட்டியது முதல் முறையில் 72%, ஸ்க்ரூவில் 87%, ஸ்க்ரூவோடு ஜவ்வு இடத்திலும் சேர்த்து ஒட்ட வைத்தால் 91%. ஆனால் இரண்டு வருடம் கழித்து வலி குறைந்த அளவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! ஆபரேஷன் பெரிதாகப் பெரிதாக சிக்கல்கள் மட்டும் கூடின.

அதாவது, எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருப்பதும் உங்களுக்கு வலி போவதும் ஒன்றல்ல.

நரம்புப் பாதை சுருங்கிய 247 பேரிடம் நடந்த இன்னொரு ஸ்வீடன் ஆய்வு 2016ல் வந்தது. நரம்பை அழுத்தும் எலும்பை மட்டும் நீக்கியவர்களைவிட, ஃபியூஷனும் சேர்த்துச் செய்தவர்கள் அதிகம் நலமடையவில்லை.

அப்போ ஸ்க்ரூ வேண்டாமா?

அப்படிச் சொல்லிட முடியாது. எலும்பு முறிந்து நிலைகுலைந்தாலோ, குனிந்து நிமிரும்போது அதிகமாக நகர்ந்தாலோ இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க: ‘டாக்டர், எனக்கு ஃபியூஷன் ஏன் தேவை? நரம்பு அழுத்தத்தை மட்டும் எடுத்தா போதாதா?’ குனிஞ்சு, நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நகருதா என்றும் கேளுங்க.

எலும்புத் தேய்மானம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிடுங்க, ஸ்க்ரூ தளர வாய்ப்பு உண்டு. பீடி, சிகரெட்டை நிறுத்தியே ஆகணும். நிகோடின் எலும்பை ஒட்ட விடாது.

ஒரே ஒரு நிலைமையில் இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. திடீரென சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.