படத்தின் பின்பக்கம்

செந்தூலின் பழைய புகைப்படங்களில் விவரங்கள் துல்லியமாகப் பதியப்பட்டவை எவை என்று கேட்டால், செந்தூல்மீது குண்டு போட்டவர்கள் எடுத்தவை என்றுதான் சொல்வேன். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்காவின் பி-29 விமானங்கள் இங்கிருந்த ரயில்வே மத்தியப் பட்டறையைத் தாக்கின. பட்டறை அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது. விமானங்கள் புறப்பட்டது வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து. குண்டு விழுந்த இடத்தை மேலிருந்தே படம் எடுத்துக்கொள்வது அவர்களுடைய வேலைமுறை. எந்தத் தேதி, எந்த இலக்கு, எவ்வளவு சேதம் என்று கணக்கு எழுத வேண்டுமே. அந்த மாதிரிப் படங்களில் கூரை தெரியும், தண்டவாளம் தெரியும், புகை தெரியும். ஆள் தெரியாது.

ஆள் தெரிகிற படங்கள் வேறு இடத்தில் கிடக்கின்றன. பிஸ்கட் டின்னில், சாமி அலமாரிக்குக் கீழே, பழைய தீபாவளிப் புடவைகளுக்கு நடுவே. கறுப்புத் தாள் ஆல்பங்களில் மூலைகளில் செருகப்பட்டு, இடையே சிலந்திவலை போட்ட மெல்லிய தாளோடு. ரயில்வே கோட்டர்ஸில் வாழ்ந்த குடும்பங்களின் கல்யாணம், காற்பந்துக் குழு, ஓய்வுபெற்ற நாளில் மாலையோடு நின்ற பட்டறை ஆட்கள். செந்தூலில் நாலைந்து வீடுகளின் ஆல்பங்களை வாங்கி ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட்டலாக் போடும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். சலிப்பான வேலைதான். ஆனால் 'கேட்டலாக்' என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மென்பொருளைத் திறந்து 'இம்போர்ட்' பொத்தானை அழுத்தினால், பழைய கேட்டலாக்குகள் நமக்குச் செய்ததையே நாம் நமக்குச் செய்துகொள்வோம்.

பழையதிலிருந்தே வருகிறேன். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசுக்குத் தான் ஆளும் மக்கள் யார் என்ற பதற்றம் வந்தது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்த 'இந்திய மக்கள்' என்ற வரிசை 1868 தொடங்கி 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது இனமும் சாதியும் ஊரும். அந்தச் சாதி எப்படிப்பட்டது, நம்பலாமா என்ற குறிப்புகள்கூட உண்டு. படத்தில் இருப்பவர் ஒரு மாதிரி, ஒரு சாம்பிள். சாம்பிளுக்குப் பேர் எதற்கு?

மலாயாவுக்கு வந்தது இதன் வியாபார வடிவம். ட்ரெஸ்டன் நகரத்து லாம்பர்ட் 1867இல் சிங்கப்பூரில் ஸ்டுடியோ திறந்தார். ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனத்திடம் ஏறத்தாழ மூவாயிரம் காட்சிகள் இருந்தன என்று 1908இல் வெளிவந்த 'இருபதாம் நூற்றாண்டு மலாயா' பற்றிய பெரிய ஆங்கிலத் தொகுப்பு பெருமையாகச் சொல்கிறது. பயணிகள் பட்டியலைப் பார்த்து வேண்டியதை வாங்கிக்கொண்டு போகலாம். அந்தக் காலத்துப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம்மாள்கள் நிறையவே இருக்கிறார்கள், 'தமிழ்ப் பெண்', 'கிளிங்' என்ற தலைப்புகளில். கலிங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் 'கிளிங்' எப்படி வசைச்சொல்லாக மாறியது என்று மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ஏதாவது ஒரு ஐரோப்பிய நூலகத்தின் இணையப் பட்டியலில் நம் கொள்ளுப்பாட்டியின் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரைத் தட்டினால் வரமாட்டார். அந்த வசைச்சொல்லைத் தட்டினால் வருவார்.

அடுத்து அரசாங்கத்தின் கேமரா. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது. படம், பெருவிரல் ரேகை, எண். தோட்டத்து லயங்களில் இருந்த பலருக்கு அதுவே வாழ்க்கையின் முதல் புகைப்படமாக இருந்திருக்கும். இதிலாவது பேர் இருந்தது. குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி எழுதப்பட்ட பேர். இன்றும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு அப்பா பேர் இரண்டு எழுத்துக்கூட்டில் இருப்பது அந்தக் குமாஸ்தாக்களின் கைங்கரியம்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். நான் பயன்படுத்துவது அடோபியின் லைட்ரூம். காசு கட்ட விரும்பாதவர்களுக்கு டிஜிகேம் இலவசம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: கேட்டலாக்குக்குள் படங்கள் இல்லை. அது ஒரு தரவுத்தளம், நூலகத்து அட்டைப் பெட்டி மாதிரி. படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதைப் பற்றி நாம் எழுதியது என்ன என்பது மட்டும்தான் அதில். படத்தை 'இம்போர்ட்' செய்துவிட்டோம், இனி மூலக் கோப்பை அழிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அழித்தால் அட்டை மிஞ்சும், புத்தகம் போய்விடும். கோப்பை வெளியே இருந்து நகர்த்தினாலும் லைட்ரூமுக்கு வழி தெரியாது, காணவில்லை என்று குறி போட்டுவிடும். ஃபோல்டரின் பேரை மாற்றுவது, இடம் மாற்றுவது எல்லாம் மென்பொருளுக்கு உள்ளிருந்தே செய்ய வேண்டும்.

இம்போர்ட் பெட்டி முதலில் கேட்பது, இருக்கும் இடத்திலேயே சேர்க்கவா, நகலெடுக்கவா, நகர்த்தவா என்று. இதில் சிக்கல் இல்லை. நகலெடுக்கச் சொல்லும்போது அடுத்த கேள்வி வரும்: எப்படி அடுக்க? அது தானாகத் தரும் விடை, தேதிப்படி. கேமராக்காரர்களுக்கு இது சரி. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரத்தைப் பொறிக்கும் எக்சிஃப் என்ற முறையை 1995இல் ஜப்பானிய கேமரா தொழில்துறை வகுத்தது. ஸ்கேன் செய்த படத்துக்கு அது எதைச் சொல்லும்? ஸ்கேன் செய்த நாளைச் சொல்லும், அல்லது எதையுமே சொல்லாது. ஜப்பான்காரன் காலத்துக்கு முந்தின கல்யாணமும் போன மாதத்துப் பிறந்தநாளும் ஒரே வாரத்தில் நடந்ததாகப் பட்டியல் காட்டும்.

அதனால் நான் தேதிப்படி அடுக்குவதில்லை, வீட்டுப்படி அடுக்குகிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1841இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் தன் ஆவணக்காப்பகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: ஒரு நிறுவனத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ வந்த தாள்களைக் கலைத்துப் பொருள்வாரியாகப் பிரிக்காதே, வந்த இடத்தின்படி ஒன்றாக வை. உலகத்து ஆவணக்காப்பகங்கள் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கும் விதி இதுதான். நம் வேலைக்கு இதன் அர்த்தம் எளிது. ஒரு வீட்டு ஆல்பம் ஒரு ஃபோல்டர். படங்களைக் கழற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் ஒட்டப்பட்டிருந்தது என்பதே ஒரு தகவல். ஒரு ஆல்பத்தில் குடும்பத்தார் யாருமில்லாத ஒரு பெண்ணின் படம், இரண்டு பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே ஒட்டப்பட்டிருந்தது. அந்த இரண்டு பிரசவத்தையும் பார்த்த மருத்துவச்சி அவர். தனியாகக் கழற்றியிருந்தால் 'அடையாளம் தெரியாத பெண்' ஆகியிருப்பார்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும் என்றால் இது இருக்கட்டும். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே எண் கொடுத்து, கடைசியில் அ, ஆ என்று பிரித்துவிட்டால் போதும். லைட்ரூமில் இரண்டையும் ஒரே அடுக்காக்கி வைக்கலாம். பின்பக்கத்தில் என்ன இருக்கும்? ஸ்டுடியோ முத்திரை. அதில் 'பத்து ரோடு' என்று இருந்தால், அந்தச் சாலை துவாங்கு அப்துல் ரஹ்மான் பெயருக்கு மாறாத காலத்தில் செய்த முத்திரை அது. 'மவுண்ட்பேட்டன் ரோடு' என்று இருந்தால் போருக்குப் பின், துன் பேராக் பெயர் வருவதற்கு முன். கோலாலம்பூர் தன் சாலைப் பெயர்களை மாற்றியதை நாம் திட்டுகிறோம், ஆனால் படத்துக்கு வயது கண்டுபிடிக்க அது எவ்வளவு உதவி! தாளின் தயாரிப்பாளர் பேர் சில சமயம் மங்கலாகத் தெரியும். போஸ்ட்கார்டு தாளில் அச்சிட்டிருந்தால், ஊருக்கு அனுப்புவதற்காக எடுத்தது, அனுப்பாமலே இருந்துவிட்டது.

அதோடு கையெழுத்து. ஒரு படத்தின் பின்னால் பென்சிலில் 'வெள்ளம் வந்த வருசம்' என்று மட்டும் இருந்தது. கோலாலம்பூரில் பெரிய வெள்ளம் 1926இலும் வந்தது, 1971 ஜனவரியிலும் வந்தது. முன்பக்கத்தில் ஒரு குழந்தையும் ஒரு நாற்காலியும்தான். வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தை மட்டும் பார்த்தார்.

"இது எங்க மாமனார் எழுத்துய்யா. அவரு அம்பத்தெட்டுலயே போயிட்டாரு. அப்ப அந்தப் பழைய வெள்ளந்தான்."

படத்தைப் பார்த்து அல்ல, எழுதிய கையைப் பார்த்துத் தேதி சொன்னார். இதை எந்தக் கட்டத்தில் பதிவது? எடுத்த நேரத்தைத் திருத்தும் வசதி லைட்ரூமில் உண்டு, ஆனால் அது நாளும் மணியும் நிமிடமும் கேட்கும். ஐபிடிசி பகுதியில் இருக்கும் 'உருவான தேதி' கட்டம் வருடம் மட்டும் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். 1926 என்று அதில் போட்டேன். விளக்கத்தில், யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று எழுதினேன். சந்தேகமிருக்கும் படங்களுக்கு '1950கள்?' என்று கேள்விக்குறியோடு ஒரு குறிச்சொல். கேள்விக்குறி முக்கியம். இல்லாவிட்டால் நம் ஊகம் பத்து வருடத்தில் சரித்திரம் ஆகிவிடும்.

அந்த ஐபிடிசி என்பது பத்திரிகைச் செய்தி நிறுவனங்களின் சர்வதேச அமைப்பு. தலைப்பு, நகரம், நாடு, நன்றி என்று நாம் நிரப்பும் கட்டங்கள் செய்தி அறைக்காக வகுக்கப்பட்டவை. செய்தி அறை கேட்கும் கேள்வி வேறு, குடும்பம் கேட்கும் கேள்வி வேறு. 'படத்தில் இருப்பவர்' என்ற கட்டமே பின்னால் சேர்ந்ததுதான். நம் ஊரில் ஒருத்தருக்கு ஐசியில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர், பட்டறையில் ஒரு பேர். லைட்ரூம் குறிச்சொல்லுக்குள் 'மாற்றுச்சொல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஐசிப் பேரைக் குறிச்சொல்லாக வைத்து, மற்ற எல்லாவற்றையும், ஆங்கில எழுத்துக்கூட்டுகள் உட்பட, அதில் போட்டால் எந்தப் பேரைத் தட்டினாலும் ஆள் வருவார். கொள்ளுப்பாட்டிக்கு லாம்பர்ட் காலம் கொடுக்காததை இந்தச் சின்னக் கட்டம் கொடுக்கிறது.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, 1880க்கும் 1980க்கும் இடைப்பட்ட தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார்கள். மலேசியத் தமிழர்களின் குடும்பப் படங்களுக்கு அப்படி ஒரு பெரிய முயற்சி தேவை. அதுவரை வீட்டுக்கு வீடு நாம்தான். செந்தூலில் இதற்கு அவசரமும் இருக்கிறது. 1969 மே கலவரம் அடங்கியது என்று நினைத்த பிறகு, ஜூன் 28 அன்று செந்தூலில் மறுபடியும் வெடித்து வீடுகள் எரிந்தன. வீட்டோடு போன ஆல்பங்களை எந்தக் கேட்டலாக்கிலும் தேட முடியாது. பட்டறை பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய ரயில்வே நிலத்தில் 2005இல் நாடக அரங்கம் வந்தது, சுற்றிலும் கொண்டோ. இடத்தைப் பார்த்து ஆளை ஞாபகப்படுத்திக்கொள்ளும் வழியும் குறைந்துகொண்டே வருகிறது.

மென்பொருளையும் ரொம்ப நம்ப வேண்டாம். ஆப்பிள் தன் அப்பர்ச்சரைக் கைவிடுவதாக 2014இல் அறிவித்தது. கூகுள் 2016இல் பிக்காசாவை நிறுத்தியது. நாம் எழுதும் விவரம் கேட்டலாக்கில் மட்டும் இருந்தால் அதோடு போகும். படக் கோப்புக்குள்ளேயே விவரத்தைச் சேமிக்கும் கட்டளை லைட்ரூமில் இருக்கிறது; எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் எக்ஸ்எம்பி வடிவில் எழுதிவிடும். அதற்குப் பிறகு டிஜிகேமில் திறந்தாலும் பேர்கள் இருக்கும். மூலப் படங்களை டிஃப் கோப்புகளாக, இரண்டு வெவ்வேறு வீடுகளில், இரண்டு டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். ஆல்பம் கொடுத்த வீட்டுக்கும் ஒரு நகல் போகிறது.

2015இலிருந்து லைட்ரூமுக்கு முகம் தெரியும். ஸ்கேன் செய்த படங்களில்கூட முகங்களைப் பிடித்து, ஒரே ஆள் என்று அது நினைப்பவர்களைக் குவித்து வைக்கும். ஒரு வீட்டில் அம்மாவின் இருபது வயதுப் படத்தையும் மகளின் இருபது வயதுப் படத்தையும் ஒரே ஆளாக்கிவிட்டது. மகள் அதைப் பார்த்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, பிரிக்கவும் விடவில்லை. அப்புறம் நானே பிரித்தேன்.

அந்தத் திரையில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே பெயரிடப்பட்டவர்கள், கீழே பெயரிடப்படாதவர்கள். இப்போதைக்கு கீழே 212 முகங்கள் இருக்கின்றன. ரயில்வே காற்பந்துக் குழுவின் படத்தில் பதினொரு பேரில் ஏழு பேர் மேலே ஏறிவிட்டார்கள். மற்ற நாலு பேரில் கோல்கீப்பரைத் தெரியும் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தாத்தா சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலையில், மருத்துவமனைக்குப் போகும் முன் வரச் சொல்லியிருக்கிறார்.