வேலியும் படலையும்: உடுவிலில் வளர்ந்த பிள்ளைகள்

இங்கிலாந்தின் சிறு பட்டினங்களிலே பிறந்து வளர்ந்தவர்கள் முதுமையில் தம் இளமைக்காலத்தை எழுதப் புகும்போது பெரும்பாலும் தெருவிலிருந்தே தொடங்குவர். அங்கே வீடும் தெருவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பன. கதவைத் திறந்தால் தெரு. தெருவைக் கடந்தால் எதிர்வீட்டுக் கதவு. வரிசையாக ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகள், வாயிற்படியைத் தேய்த்துக் கழுவும் தாய்மார், நிலக்கரிப் புகை, விளக்குக் கம்பத்தடியில் விளையாட்டு ஆகியனவே அந்நினைவுகளில் நிறைந்திருக்கும். அதே பிரித்தானிய ஆட்சியின் கீழே யாழ்ப்பாணத்து உடுவிலில் வளர்ந்த பிள்ளைக்கு இத்தகைய நினைவு உண்டாவதற்கு வழியில்லை. அப்பிள்ளையின் நினைவிலே முதலில் எழுந்து நிற்பது வேலி.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே, சுன்னாகத்துக்கும் இணுவிலுக்கும் மானிப்பாய்க்கும் இடையில் அமைந்தது உடுவில். செம்மண் நிலம், அடியிலே சுண்ணாம்புக் கல், கிணற்று நீரே உயிர். ஆறில்லாத அந்நாட்டிலே ஒவ்வொரு வளவுக்கும் ஒரு கிணறும், கிணற்றுக்கு ஒரு துலாவும் வேண்டும். வளவைச் சுற்றிப் பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, அவற்றிலே கிடுகையோ பனையோலையையோ ஆளுயரத்துக்கு மேலாக வரிந்து கட்டுவர். இரண்டு வேலிகளுக்கு இடையே ஒரு வண்டில் போகுமளவுக்கு விடப்பட்ட வழியே ஒழுங்கை. ஒழுங்கையிலே நடப்பவனுக்கு வீடு தெரியாது. கூரையின் முகடும், தென்னையின் தலையும், துலாவின் நுனி ஏறி இறங்குவதுமே தெரியும். ஆயினும் ஊர்ப் பிள்ளைக்கு அது போதும். இன்ன வேலி இன்னார் வேலி என்பதை இருளிலும் அது அறியும். புதிதாகக் கட்டிய வேலியின் பச்சையோலை மணத்தையும், மாரி மழையில் நனைந்து கறுத்த பழைய வேலியின் மணத்தையும் வேறுபடுத்தி அறிவதும் ஒரு கல்விதான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதைக் கற்பிக்கவில்லை.

வேலியைப் பற்றி யாழ்ப்பாணத்தாரைப் பகடி செய்வோர் பலர். எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் உண்டென்பதை மறுக்க இயலாது. ஆனால் அவ்வேலியிலேயே இரண்டு கருணைகளும் இருந்தன. ஒன்று சங்கடப்படலை. வளவின் வாயிலிலே படலைக்கு மேலாகச் சிறு கூரை வேய்ந்து, இரு புறமும் திண்ணை கட்டி வைப்பர். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சி ஒதுங்குகின்ற வழிப்போக்கன் வீட்டுக்காரரைக் கேளாமலே அங்கு அமரலாம். மற்றொன்று பொட்டு. அயல் வீடுகள் இரண்டுக்கும் இடையிலான வேலியின் அடியிலே, ஒருவர் குனிந்து நுழையுமளவுக்கு விடப்பட்ட துவாரத்துக்கு அப்பெயர். அடுப்புக்கு நெருப்பும், கறிக்கு ஒரு பிடி உப்பும், கைக்குழந்தையும், ஊர்ச் செய்தியும் அவ்வழியே போய்வந்தன. அயலார் பகை கொண்டால் முதலில் அடைபடுவது பொட்டே. பெரியோர் அதை அடைத்த மறுநாளே பிள்ளைகள் வேறோரிடத்திலே ஓலையை விலக்கியிருப்பர்.

வேலிக்குள்ளே வசதியுள்ளோர்க்கு நாற்சார் வீடு. நடுவே வானம் பார்க்கும் முற்றம். ஏனையோர்க்கு மண்சுவரும் சாணம் மெழுகிய திண்ணையும் ஓலைக் கூரையும். பெண்பிள்ளைகள் திண்ணையிலே கொக்கான் வெட்டினர். ஆண்பிள்ளைகள் ஒழுங்கையிலே பனங்காய் வண்டில் உருட்டினர், கிட்டி அடித்தனர். ஆடிப்பிறப்பிலே கூழும் கொழுக்கட்டையும், பனம்பழக் காலத்திலே பனாட்டும், பின்னர் கிழங்கும் ஒடியலும் என்று, ஆண்டின் போக்கைப் பிள்ளைகள் நாவினாலேயே அறிந்தனர்.

இவ்வளவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல வாய்த்தன என்று சொன்னால் அது பொய்யாகும். சாதியின் பெயரால் சில பிள்ளைகளுக்குப் படலைக்குள் இடமில்லை. கிணற்றிலே கைவைக்கும் உரிமையும் இல்லை. வேறொருவர் பட்டையால் அள்ளி ஊற்றக் கையேந்தி நின்று குடித்த நீரே அவர்களுடைய இளமை நினைவு. ஒழுங்கையின் இனிமையைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் நேர்மையாகும்.

இவ்வூரின் நடுவே 1820ஆம் ஆண்டிலே வேலிகளின் வழக்கம் அறியாத ஒரு குடும்பம் வந்து குடியேறிற்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்சுலோவும் அவர் மனைவியார் ஹரியற்றுமே அவர்கள். போர்த்துக்கேயர் காலத்திலே எழுந்து, ஒல்லாந்தர் காலத்தின் பின் பாழடைந்து கிடந்த கோயிலையும் அதனோடு சேர்ந்த மனையையும் திருத்தி அங்கே வாழ்ந்தனர். அவ்வீட்டிலே மேசையில் உணவு. பெண் கையிலே புத்தகம். ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை வேறு என்ன வேண்டும்? வேலிப் பொட்டால் பார்த்துப் பழகிய கண்கள் மிஷன் வீட்டின் யன்னலால் பார்க்கத் தொடங்கின.

உடுவிற் பெண்கள் பள்ளியின் தோற்றத்தைப் பற்றிச் செவிவழிக் கதையொன்று வழங்குகின்றது. அயலிலிருந்து இரண்டு சிறுமியர் வேடிக்கை பார்க்க வந்து, மெல்லத் தையலும் எழுத்தும் பழகினராம். ஒருநாள் பெரும் புயல்மழையினால் வீடு திரும்ப இயலாமற் போயிற்று. பிறர் வீட்டில் உண்ணலாகாதென்ற கட்டுப்பாட்டினால் பசியோடிருந்து அழுத பிள்ளைகள், இரவு வளர்ந்தபோது அங்கு கொடுத்ததை உண்டனராம். பெற்றோர் சினந்தனர், பின்னர் அப்பிள்ளைகளை அங்கேயே படிக்க விட்டனர். கதையின் நுணுக்கங்கள் சொல்வோருக்குச் சொல்வோர் வேறுபடும். ஆனால் அன்றைய வேலிகளுள் மிக உயரமான வேலி உணவைச் சுற்றியே அமைந்திருந்தது என்னும் செய்தி அதிலே பொதிந்திருக்கின்றது. 1824ஆம் ஆண்டிலே உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கிற்று. பெண் எழுதப் படிக்கக் கற்பதைப் பழியாகக் கருதிய காலம் அது.

பள்ளிக்குள் வந்த சிறுமி பெற்றது பெரிது. இழந்ததும் ஒன்று உண்டு; அதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. அமெரிக்காவிலுள்ள அன்பர் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால், அவர் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடுதல் அக்காலத்து மிஷன் பள்ளிகளின் வழக்கம். ஆகவே கண்காணாத் தேசத்து மாது ஒருத்தியின் பெயரைத் தாங்கி வலிகாமத்துச் சிறுமிகள் பலர் வளர்ந்தனர். விடுமுறையிலே படலையைத் திறந்து உள்ளே வரும் மகளைத் தாய் எந்தப் பெயரால் அழைத்திருப்பாள்? பள்ளி இடாப்பு அதைச் சொல்லாது. வீட்டிலே ஒரு பெயர், பள்ளியிலே ஒரு பெயர் என்று இரண்டுக்கும் ‘ஓம்’ என்று குரல் கொடுத்துப் பழகிய தலைமுறை அது.

இதன் மறுபக்கம் இன்னும் வியப்புக்குரியது. வின்சுலோ தம்பதியருக்கு உடுவிலிலேயே பிள்ளைகள் பிறந்தனர். மூத்த மகன் சாள்ஸ் பிறந்தது 1821இல். இப்பிள்ளைகளுக்கு முதன்முதல் அறிமுகமான மண் செம்மண். காதிலே விழுந்த முதல் மொழிகளுள் ஒன்று தமிழ். பனையின் நிழலும் துலாவின் ஓசையும் இவர்களுக்கு இயல்பு. உறைபனியும் ஆப்பிள் மரமும் பெற்றோர் சொல்லக் கேட்ட கதை. ஆயினும் பெற்றோர் ‘வீடு’ என்று சொன்னது அமெரிக்காவையே. பிள்ளைகளை இவ்வூரிலேயே வளர்த்தால் அவர்கள் எவ்வினத்தவராக ஆவார்களோ என்ற அச்சம் மிஷன் குடும்பங்களிலே ஓயாது நிலவிற்று. பிறருடைய பிள்ளைகளைத் தம்மிடம் விடும்படி ஊரவரை இரந்து நின்றவர்கள், தம் பிள்ளைகளைக் கடல் கடந்து பிறரிடம் விடவேண்டிய நிலைக்கு ஆளாயினர். உடுவிலின் வரலாற்றிலே இதைவிடக் கூரிய முரண் வேறில்லை.

சாள்சும் அவ்வாறே அனுப்பப்பட்டான். பாய்க்கப்பலில் நான்கைந்து மாதப் பயணம். கடிதத்துக்கும் அதே காலம். 1832ஆம் ஆண்டிலே, தன் பெற்றோரின் நாட்டிலே, பதினொரு வயதில் அவன் இறந்தான். மறு ஆண்டு சனவரியிலே ஹரியற் அம்மையார் உடுவிலில் காலமானார். மகன் பிறந்த மண்ணிலே தாயும், தாய் பிறந்த நாட்டிலே மகனுமாக அவர்கள் துயில்கின்றனர்.

தாயின் பெயரையே தாங்கிய மகள் ஹரியற் 1829இல் உடுவிலிலே பிறந்தவள். குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்றவளுக்கு இவ்வூர் எவ்வளவு நினைவிருந்திருக்குமோ? வளர்ந்தபின் ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற போதகரை மணந்து, அவரோடு சிலகாலம் சென்னையில் மிஷன் பணி செய்தாள். 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் வெளிநாட்டமைச்சராக இருந்து உலகச் செய்திகளிலே நாள்தோறும் அடிபட்ட ஜோன் பொஸ்டர் டலஸ் இந்த உடுவிற் பெண்ணின் பேரனே. தந்தை வின்சுலோ பின்னர் சென்னைக்குச் சென்று, 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டார். அதன் பெருமையைப் புலவர்கள் அறிவர். அவருடைய தமிழின் ஒரு பகுதி உடுவிலில் செவிப்பட்டது என்பதை ஊரவர் அறிவர்.

1840இல் வந்து சேர்ந்த எலிசா அக்நியூ அம்மையாரின் கதை வேறு வகையானது. நியூயோர்க் நகரிலே எட்டு வயதுச் சிறுமியாகப் பூமிசாத்திர வகுப்பில் இருந்தபோதே கீழ்நாடு செல்ல உறுதி கொண்டவர் அவர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் உடுவிற் பள்ளியின் தலைமையை வகித்தார். ஒருமுறையேனும் தாயகம் மீளவில்லை. மணம் புரியாத அவரை ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்று அழைத்தனர். தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் கற்பித்தவர். விடுமுறையிலே பழைய மாணவியரின் வீடுதேடி ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்றவர். அந்நாளிலே வலிகாமத்துப் படலைகளை இவர் அளவுக்குத் திறந்து பார்த்த அந்நியர் அரிது. 1879இல் ஓய்வு பெற்று, 1883இல் மானிப்பாயிலே உயிர் நீத்தார்.

1902இல் காங்கேசன்துறைப் பக்கம் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. படித்த பிள்ளைகள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் தேடிச் சென்றனர். மலாயாப் பணம் வந்த வளவுகளிலே ஓலை வேலி போய்க் கல்மதில் எழுந்தது. மதிலுக்குப் பொட்டு வைப்பாரில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலாவும் சாய்ந்தது. சங்கடப்படலைகள் ஒவ்வொன்றாக மறைந்து, இன்று தேடித்தான் காணவேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளின் இரவிலே வேலி, மதில், படலை எல்லாவற்றையும் விட்டு வலிகாமத்து மக்கள் மழையில் நடந்தனர். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன இலட்சக்கணக்கானோருள் உடுவிலாரும் இருந்தனர். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் பலர் மீண்டனர். வேறு பலர் வன்னிக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் சென்றனர். ஒரு காலத்தில் இவ்வூரிலே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தாம் காணாத ‘வீட்டுக்கு’ அனுப்பப்பட்டது போல, இப்போது இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் காட்டுகின்ற காணாத வீடு உடுவிலாயிற்று.

பள்ளி தன் இருநூறாவது ஆண்டை 2024இல் கண்டது. ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ, கதவைத் திறந்தால் தெருவாகிய செங்கல் வீடொன்றிலே, அப்பள்ளியிற் படித்த பாட்டி ஒருத்தி பேரப்பிள்ளைக்குத் தன் சிறுவயதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். வேலி என்றால் என்ன என்பதை ஒருவாறு விளக்கிவிடலாம். பொட்டால் நுழைந்து அயல்வீட்டுக்குப் போனோம் என்று அவள் சொல்லும்போது, பொட்டு நெற்றியில் வைப்பதல்லவா என்று அப்பிள்ளை கேட்கும்.