சென்னைக் கண்

கண் சிவந்து, பீளை தள்ளி, மணல் விழுந்தாற்போல் உறுத்தும் நோயை மக்கள் 'மெட்ராஸ் ஐ' என்பர். ஒரு மாநகரம் நோயொன்றிற்குத் தன் பெயரை ஈந்தது பெருமையோ சிறுமையோ, அது நிற்க.

சென்னைக் கண் மருத்துவமனை 1819-இல் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 1918-ஐ ஒட்டி அந்நகரில் இந்நோய் பரவியபோது, அங்குப் பணியாற்றிய மருத்துவர் கர்க்பாட்ரிக் அதனை ஆராய்ந்து 1920-இல் கட்டுரை வெளியிட்டார். பெயர் நிலைத்தது, காரணம் மட்டும் விளங்கவில்லை.

விளங்காத இடத்தில் கற்பனை புகுவது இயல்பு. நோயுற்ற கண்ணைப் பார்த்தாலே நோய் ஒட்டும் என்று எங்கள் திருமங்கலத்துப் பக்கம் உறுதியாக நம்பினர். கண் சிவந்த பையனைப் பள்ளியில் கடைசிப் பலகையில் அமர்த்துவர். மற்றவர் அவன் முகம் பாரார். ஆயினும் தண்ணீர்ப் பானைக்கு ஒரே குவளை. அவன் தொட்ட சாக்கட்டி அடுத்த கைக்கு வரும். பாவம், விலக்கப்பட்டவன் அவன் மட்டுமே!

உண்மை வழி, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் புலப்பட்டது. கண்ணில் விழுந்த உலோகத் துகளை எடுக்கச் சென்ற தொழிலாளர், அம்மருத்துவ அறையிலேயே நோயைப் பெற்றுத் திரும்பினர். மருத்துவர் விரலும் கருவியும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணிற்குக் கிருமியைச் சுமந்தன.

அடினோவைரஸ் என்னும் நுண்ணுயிர் 1953-இல் பிரித்தெடுக்கப்பட்டது; அதன் 8-ஆம் வகைக்கும் இக்கண்ணோய்க்கும் உள்ள தொடர்பு 1955-இல் தெரிந்தது. இதற்குக் கொழுப்புறை இல்லை. ஆகவே உலர்ந்த மேசையிலும் கதவின் கைப்பிடியிலும் வாரக்கணக்கில் அழியாதிருக்கும். சாராயம் கலந்த கைக்களிம்புக்கு எளிதில் மடியாது. சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவினால் கையை விட்டு அகலும். மேசையிலிருந்து கைக்கு, கையிலிருந்து கண்ணுக்கு என்பதே அதன் பயணம். 2020-இல் வந்த கொரோனாவோ பெரிதும் காற்று வழியே பரவியது. எல்லாக் கிருமிக்கும் ஒரே பாதை இல்லை.

1971-இல் கல்கத்தாவில் வேறொரு வைரஸால் கண்ணோய் பரவ, வங்கதேசப் போரை ஒட்டி அதற்கு 'ஜோய் பங்களா' என்றே பெயரிட்டனர்! நம் மாநிலத்தில் 2022 நவம்பரிலும் சென்னைக் கண் பரவியது. கறுப்புக் கண்ணாடிகள் தெருவெங்கும் தோன்றின. அக்கண்ணாடி அணிந்தவரின் கூச்சத்தைத் தணிக்கும். எதிரே நிற்பவரைக் காவாது. எதிரே நிற்பவரைக் காப்பது, நோயுற்றவர் தமக்கெனத் தனித் துண்டும் தலையணையும் வைத்துக்கொண்டு, கண் தெளியும்வரை வீட்டில் இருப்பதே.