முகவரிக்கு யார் பொறுப்பு? கட்டுறு சொற்றொகுதிகளின் இணைய வெளியீடு குறித்து

பட்டியலாக்குநர் பத்துப் பேர் ஒரே பொருளைப் பத்துப் பெயர்களால் குறித்தால், ஒரு பெயரை மட்டும் அறிந்து தேடுபவருக்கு மற்ற ஒன்பதின் கீழ் உள்ளவை கிட்டாமலே போகும். இதைத் தவிர்க்கவே பொருள் தலைப்புப் பட்டியல்களும் சொற்களஞ்சியங்களும் வகைப்பாட்டு அட்டவணைகளும் உருவாயின. கட்டுறு சொற்றொகுதி என்று இக்கட்டுரை சொல்வது இம்மூன்றையும் சேர்த்துத்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1898 முதல் தொகுத்துவரும் பொருள் தலைப்புகள் நெடுங்காலம் தடித்த அச்சுத் தொகுதிகளாகவே பிற நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வாங்கிய நூலகத்தின் அலமாரியில் உள்ள தொகுதி, வெளியிட்டவர் மனம் மாறினாலும் மாறாது. இணைய வெளியீட்டில் இந்த உறவு தலைகீழாகிறது. பயன்படுத்துபவர் தம் தரவுக்குள் எழுதிக்கொள்வது வெளியிட்டவரின் இணைய முகவரியை. அந்த முகவரி விடை தராமல் போகும் நாளில், பல்லாயிரம் நூற்பதிவுகளில் பொருள் என்ற இடத்தில் வெறும் எழுத்துக் கோவை ஒன்றே மிஞ்சும்.

சொற்றொகுதிகளைப் பகிர்வது பற்றிய விவாதம் பெரும்பாலும் எந்த வடிவம், எந்த உரிமம் என்ற இரு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது. இரண்டும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் எளிய கேள்விகள். ஒரு முகவரி எதைக் குறிக்கிறது என்பதற்கும், அது நாளையும் விடை தரும் என்பதற்கும் ஒரு நிறுவனம் எவ்வளவு காலத்துக்குப் பொறுப்பேற்கிறது என்பதைப் பொறுத்தே மறுபயன்பாடு அமைகிறது என்பது என் வாதம்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2009 ஆகஸ்டில் ஸ்காஸ் என்னும் தரத்தைப் பரிந்துரையாக அறிவித்தது. ஒவ்வொரு கருத்துருவுக்கும் ஒரு முகவரி. மொழிக்கு ஒரு முதன்மைப் பெயர். வேண்டிய அளவு மாற்றுப் பெயர்கள். பரந்த கருத்து, குறுகிய கருத்து, தொடர்புடைய கருத்து என்ற உறவுகள். பிற சொற்றொகுதிகளோடு பொருத்திக் காட்டச் சில குறிகள். இவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். அச்சுக்காலச் சொற்களஞ்சிய மரபை அறிந்த எவருக்கும் இதில் வியப்பளிக்க ஒன்றுமில்லை. அது பரவியதற்கு அந்த எளிமையே காரணம் என்று நினைக்கிறேன்.

பொறுப்பு என்ற கேள்வியை ஒரே காலகட்டத்தில் நடந்த இரு முயற்சிகள் தெளிவாக்குகின்றன. 2008இல், காங்கிரஸ் நூலகத்தில் பணியாற்றிய எட் சம்மர்ஸ், அந்நூலகத்தின் பொருள் தலைப்புகளை ஸ்காஸ் வடிவில் எல்சிஎஸ்எச்.இன்ஃபோ என்ற தனிப்பட்ட தளத்தில் வெளியிட்டார். தொழில்நுட்ப நோக்கில் குறை சொல்ல இடமில்லாத வேலை அது. ஒவ்வொரு தலைப்புக்கும் முகவரி இருந்தது. அதே முகவரி மனிதருக்குப் பக்கத்தையும் இயந்திரத்துக்குத் தரவையும் தந்தது. ஆனால் தலைப்புகளுக்கு உரிய நிறுவனத்தின் பெயர் அந்த முகவரியில் இல்லை. நூலகத்தின் வேண்டுகோளின்படி அவ்வாண்டு டிசம்பரிலேயே தளம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நூலகமே தன் பெயர்வெளியில் அதிகாரபூர்வச் சேவையைத் தொடங்கியது. இதை ஒரு நிறுவனம் தன் ஊழியரின் முனைப்பை முடக்கிய கதையாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. பிறர் தம் தரவில் எழுதிக்கொள்ளப்போகும் முகவரி ஒரு தனிமனிதரின் ஆண்டுக் கட்டணத்தை நம்பி நிற்கக் கூடாது என்பதை நூலகம் சரியாகவே உணர்ந்தது. வருந்தத்தக்கது ஒன்றே: அந்த உணர்வு முதல் முகவரி வெளியாகும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முயற்சியில் உரிமையாளரே முன்வந்தார். தூயி தசம வகைப்பாட்டின் உரிமையைக் கொண்ட ஓசிஎல்சி, அதன் மேல்நிலை வகுப்புகளை 2009இல் தூயி.இன்ஃபோ தளத்தில் பல மொழிகளில் வெளியிட்டது. பின்னர் அதை விரிவாக்கவும் செய்தது. உரிமம், வணிகப் பயன்பாட்டையும் மாற்றியமைத்தலையும் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. மாற்றியமைக்கத் தடை உள்ள ஒரு வகைப்பாட்டைத் தன் உள்ளூர்த் தேவைக்கேற்ப ஒரு நூலகம் எப்படி மறுபயன்பாடு செய்யும் என்பது அப்போதே எழுந்திருக்க வேண்டிய கேள்வி. ஆயினும் தளத்தின் முடிவுக்கு உரிமத்தைக் காரணம் காட்ட முடியாது. 2015இல் சேவை நிறுத்தப்பட்டது; முகவரிகள் விடை தருவதை நிறுத்தின. வகைப்பாடு அழியவில்லை, சந்தாதாரர்களுக்கு அது தொடர்ந்து கிடைத்தது. திறந்த வலையில் அந்த எண்களைச் சுட்டியிருந்தவர்களின் இணைப்புகள்தாம் அறுந்தன. முதல் முயற்சியில் நிறுவனம் இல்லை. இரண்டாவதில் நிறுவனம் இருந்தது. ஆனால் வெளியீட்டை அது நிறுத்தத்தக்க ஒரு சேவையாகவே கருதியிருந்தது. அறுந்த இணைப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

முகவரி விடை தந்துகொண்டே இருந்தால் போதுமா? அது எதைக் குறிக்கிறது என்பதும் நிலைக்க வேண்டும். இதில் ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு நடத்தும் அக்ரோவாக் நல்ல பாடம். 1980களின் தொடக்கத்தில் சில ஐரோப்பிய மொழிகளில் அச்சான அந்த வேளாண் சொற்களஞ்சியம், பின்னர் சொல்லை அலகாகக் கொண்ட அமைப்பிலிருந்து கருத்துருவை அலகாகக் கொண்ட அமைப்புக்கு மாற்றப்பட்டது. இன்று 40,000க்கு மேற்பட்ட கருத்துருக்கள் அதில் உள்ளன; மொழிகளும் 40ஐத் தாண்டிவிட்டன. இந்திய மொழிகளில் ஹிந்தியும் தெலுங்கும் இடம்பெற்றுள்ளன. அதில் மக்காச்சோளத்தின் முகவரி 12332 என்ற எண்ணில் முடிகிறது. அந்த எண்ணுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. அதுவே அதன் பலம். ஆங்கிலப் பெயரை முகவரியில் பொதித்திருந்தால் மற்ற மொழிகள் எல்லாம் அதன் மொழிபெயர்ப்புகளாகத் தாழ்ந்திருக்கும். பெயர் மாறும்போதெல்லாம் முகவரியும் மாற வேண்டியிருக்கும்.

எண்ணை நிலையாக வைத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற இந்த ஏற்பாடு எல்லா மாற்றத்தையும் தாங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். தாங்காது என்பதைக் காங்கிரஸ் நூலகத்தின் ஒரு தலைப்பே காட்டியது. உரிய ஆவணமின்றிக் குடியேறியவர்களைச் ‘சட்டவிரோத அந்நியர்’ என்று குறித்த தலைப்பை மாற்றக் கோரி, டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் இயக்கம் தொடங்கினர். 2016 மார்ச்சில் மாற்றத்துக்கு நூலகம் ஒப்புக்கொண்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிதி ஒதுக்கீட்டு நடவடிக்கையின் வழியே குறுக்கிட, முடிவு தள்ளிப்போனது. ஒரு நூலகப் பட்டியலின் தலைப்பு நாடாளுமன்றத்தின் கவலையானது வியப்பல்ல. பொருளுக்குப் பெயரிடும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை அரசியல்வாதிகள் நூலகர்களைவிட விரைவாகவே கண்டுகொள்வார்கள். 2021 நவம்பரில் நூலகம் தன் முடிவை அறிவித்தது. ‘அந்நியர்’ என்ற தலைப்பு ‘குடிமக்கள் அல்லாதோர்’ ஆனது. இது பெயர் மாற்றம், எண் தங்கலாம். ஆனால் ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற தலைப்பின் இடத்தை ‘குடிமக்கள் அல்லாதோர்’, ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என்ற இரண்டு தலைப்புகள் பகிர்ந்துகொண்டன. ஒன்று மனிதரைக் குறிப்பது, மற்றது நிகழ்வைக் குறிப்பது.

இங்கே கலைந்தது கருத்துருவே. பழைய முகவரியைச் சுட்டும் ஒரு நூல், மனிதரைப் பற்றியதா, நிகழ்வைப் பற்றியதா, இரண்டையும் பற்றியதா? இதற்கு இயந்திரம் விடை சொல்லாது. நூலைப் பார்த்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். வெளியிட்டவர் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் மூன்று: பழைய முகவரியை அழிக்காமல் வைத்திருப்பது, அது வழக்கொழிந்தது என்று அறிவிப்பது, இனி எவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதைக் காரணத்தோடு பதிவுசெய்வது. தரத்தில் இதற்கு இடமும் உண்டு. வரலாற்றுக் குறிப்பு, மாற்றக் குறிப்பு என்ற புலங்கள் உள்ளன. அவற்றை நிரப்ப ஊதியம் பெறும் ஆள் வேண்டும் என்பதைத்தான் எந்தத் தரமும் சொல்வதில்லை.

படிநிலை உறவுகளிலும் இதே சிக்கல்தான். 1980களில் காங்கிரஸ் நூலகத்தின் பழைய ‘இதையும் காண்க’ வழிகாட்டிகள் பெருமளவில் இயந்திர முறையில் பரந்த, குறுகிய கருத்து உறவுகளாக மாற்றப்பட்டன. மனிதக் கண்ணுக்குத் துணையாக எழுதப்பட்ட குறிப்புகள் அதனால் தர்க்க உறவுகளின் தோற்றம் பெற்றன. அழைப்புமணியிலிருந்து பரந்த கருத்துகளின் ஏணியில் ஏறிப்போனால் பாலூட்டிகளில் போய் முடியலாம் என்பதை 2008இல் சைமன் ஸ்பெரோ வேடிக்கையாகவே சுட்டிக்காட்டினார். தாளில் தீங்கற்றுக் கிடந்த வழிகாட்டி, இணைப்புத் தரவானதும் தவறான முடிவுகளைப் பெருக்கத் தொடங்கும். ஸ்காஸை வகுத்தவர்கள் இதை முன்னரே உணர்ந்திருந்தார்கள். பரந்த கருத்து என்னும் உறவு ஒரு படியைத் தாண்டித் தானாகக் கடத்தப்படாது என்று விதித்தது அதனால்தான். கெட்டி நிறுவனம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 2014 பிப்ரவரியில் தன் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியத்தைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டபோது, இன உறவு, முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள உறவு, எடுத்துக்காட்டு உறவு என்று படிநிலையைப் பிரித்தே காட்டியது. அதற்குத் தேவைப்பட்டது நிரல் அல்ல, பதிப்பாசிரியர் உழைப்பு.

வேறொரு தடையும் உண்டு. அதன் வேர் சென்னையில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டில், ஒரு நூலுக்குரிய எண் அட்டவணையில் ஆயத்தமாகக் கிடைக்காது. பொருளின் கூறுகளைத் தனித்தனியே எடுத்து, பட்டியலாக்குநர் அந்த இடத்திலேயே எண்ணைக் கட்டமைக்கிறார். கட்டமைக்கப்படும் முன் இல்லாத எண்ணுக்கு முகவரி எங்கிருந்து வரும்? காங்கிரஸ் நூலகத் தலைப்புகளிலும் துணைத்தலைப்புகளைச் சேர்த்து நீளும் கோவைகளுக்கு இதே நிலை. அவற்றில் பலவற்றுக்குப் பதிவும் இல்லை, முகவரியும் இல்லை. ஓசிஎல்சியும் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து உருவாக்கிய ஃபாஸ்ட் தலைப்புகள் அக்கோவைகளை இடம், காலம், பொருள் என்று கூறுகளாகப் பிரித்து, கூறுகளுக்கு அடையாளம் தருகின்றன. பகிர்வதற்கு ஏற்ற ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் கூறுகள் எந்த வரிசையில், எந்த உறவில் சேர்ந்தன என்ற செய்தி இதில் கழன்றுவிடுகிறது. அரங்கநாதன் தம் உழைப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டது அந்த வரிசைக்காகத்தான்.

இவ்வளவு சுமை எதற்கு, தேதியிட்ட ஒரு கோப்பாக முழுச் சொற்றொகுதியையும் தரவிறக்கிக்கொள்ள விட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரிய வெளியீட்டாளர்கள் அப்படிக் கோப்பும் தருகிறார்கள். பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது. ஆனால் இரு நூலகங்கள் இரு தேதிக் கோப்புகளை வைத்துக்கொண்டு தனித்தனியே திருத்தத் தொடங்கினால், சில ஆண்டுகளில் ஒரு சொற்றொகுதி இரண்டாகிவிடும். அச்சுக்காலத்தின் நன்மை திரும்பும், அதன் குறையும் கூடவே திரும்பும். பொது முகவரி ஒன்று உயிரோடு இருக்கும்வரைதான் கோப்புகள் ஒன்றோடொன்று பேச முடியும்.

நிறுவனங்கள் என்றென்றும் இருப்பதில்லை என்பது உண்மை. பொறுப்பைக் கைமாற்ற முடியும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1995இல் ஓசிஎல்சி தொடங்கிய ‘பர்ல்’ என்னும் நிலைமுகவரிச் சேவையில், பல சொற்றொகுதிகள் தம் முகவரிகளைப் பதிந்திருந்தன. 2016இல் அச்சேவையை அது இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பிடம் ஒப்படைத்தது. சேவை தொடர்ந்தது. தூயி.இன்ஃபோவை மூடிய அதே நிறுவனம் அதற்கு அடுத்த ஆண்டே இதைச் செய்தது கவனிக்கத்தக்கது; வழி தெரியாததால் அந்தத் தளம் மூடப்பட்டது என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் இன்டர்நெட் ஆர்கைவ் ஏற்றது முகவரியைச் சரியான இடத்துக்குத் திருப்பிவிடும் வேலையை மட்டுமே. ஒரு கருத்துரு இரண்டாகப் பிரியும்போது எதை எதனுடன் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் வேலையை அது ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. அக்ரோவாக்கில் அந்த வேலை ஒவ்வொரு மொழிக்கும் பொறுப்பான பல நாட்டு நிறுவனங்களிடம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. முகவரிக்கு ஒரு காப்பாளர், பொருளுக்கு ஒரு பதிப்பாசிரியர் குழு என்று இரண்டையும் பிரித்து, இருவரின் பெயரையும் வெளியீட்டு நாளிலேயே அறிவிக்கும் சொற்றொகுதிகள் இன்னும் மிகச் சிலவே.